அடிபட்டு எந்திரிச்சதுக்கு அப்புறம் புதுக் குதிரையோட பழகறது எப்படி

குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு ஊர்ல சொல்லுவாங்க. கீழ விழுந்து எலும்பு உடைஞ்சு மாசக்கணக்கா வீட்ல படுத்திருந்தவங்களுக்குத்தான் அந்தக் குழி என்னன்னு தெரியும். கை சரியாயிடும், எக்ஸ்ரேல எலும்பு சேந்துடும், ஆனா லாயத்து வாசல்ல போய் நின்னா வயித்தப் பிசையும். இதுக்கு நடுவுல பழைய குதிரை கைமாறிப் போயிருக்கும், இல்ல வயசாகி ரிடையர் ஆகியிருக்கும், புதுசா ஒண்ணு வந்து நிக்கும், அதுக்கு உங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது, உங்களுக்கும் அதப் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்த நிலமைல இருக்கறவங்களுக்குத்தான் இத எழுதறேன், புதுசா ரைடிங் கத்துக்க வர்றவங்களுக்கு இல்ல.

நான் சொல்றது பெரும்பாலும் ரேஸ்ல ஓடி ரிடையரான தரோபிரெட் (ரேஸுக்குன்னே வளக்கற ஜாதி) பத்திதான், ஏன்னா சென்னை, பெங்களூர் பக்கம் ரைடிங் கிளப்புகள்ல நம்ம கைக்கு வர்றது நிறைய அந்த மாதிரி குதிரைங்கதான். மார்வாரி, கத்தியவாரி மாதிரி நாட்டு ஜாதிக் குதிரை வச்சிருக்கறவங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். தைரியம் வரட்டும்னு காத்துட்டு இருக்காதீங்க, பல்லக் கடிச்சுட்டு வரவழைக்கவும் பாக்காதீங்க. தினமும் ஒரே நேரத்துல ஒரே வரிசைல நடக்கற சின்னச் சின்ன வேலைதான் பலன் தரும். அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சா குதிரை அடங்கும், குதிரை அடுத்து என்ன பண்ணும்னு தெரிஞ்சா நம்ம பயம் அடங்கும். கீழ சொல்றது எல்லாம் அத எப்படிப் பண்றதுங்கறதுதான்.

டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்

"டாக்டர், குதிரை ஏறலாமா?"ன்னு கேட்டா ஆர்த்தோ டாக்டர் ஒண்ணு வேணவே வேணாம்பார், இல்ல மெதுவா ஏறுங்கம்பார், ரெண்டுலயும் நமக்குப் பிரயோஜனம் இல்ல. கேக்க வேண்டியது வேற: "இந்த எலும்பு மேல மறுபடி விழுந்தா தாங்குமா?" உக்காந்து போறதுக்கு வேண்டிய பலம் வேற, விழுந்தா தாங்கற பலம் வேற. காலர் எலும்பு உடையறது ரைடர்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்றது, விழும்போது கைய ஊனிடுவோம் இல்ல தோள் நேரா தரைல போய் இடிக்கும். பெரியவங்களுக்கு அது சேர பொதுவா 6ல இருந்து 12 வாரம் ஆகும், ஆனா சேந்த அன்னிக்கே தோள் பழைய பலத்துக்கு வந்துடாது. ஸ்லிங்ல கட்டி வச்சிருந்த கைல சதை கரைஞ்சிருக்கும், அத ஃபிசியோ பண்ணி மீட்டு எடுத்துட்டுதான் லாயத்துப் பக்கம் வரணும். எலும்புல பிளேட் வச்சிருந்தா, பாடி ப்ரொடக்டரோட (விழுந்தா அடி படாம நெஞ்சு, முதுக காக்கற சட்டை) தோள் பட்டை சரியா அந்த பிளேட் மேல உக்காருதான்னு வீட்லயே போட்டுப் பாத்துடுங்க, அழுத்தினா ரைடிங் முழுக்க கவனம் அங்கதான் இருக்கும்.

தலைல அடிபட்டிருந்தா கணக்கே வேற. தலைசுத்தல், வெளிச்சம் பட்டா கண் கூசறது, தூக்கம் கெடறது, இதுல எது மிச்சம் இருந்தாலும் ஏறக்கூடாது, இதுல எங்கயும் குறுக்கு வழி கிடையாது.

ஏறறதுக்கு முன்னாடி வீட்லயே செஞ்சு பாக்கறதுக்கு சிலது இருக்கு. ஒத்தக் கால்ல முப்பது செகண்டு ஆடாம நிக்க முடியுதா, ரெண்டு பக்கமும். தரைல பாய் போட்டு தோள் பக்கமா உருண்டு எந்திரிக்க முடியுதா. வலிக்குமோன்னு பயந்து ஒரு பக்கம் மட்டும் உருள மாட்டேங்கறீங்கன்னா, குதிரை மேலயும் அந்தப் பக்கம் இறுக்கமாதான் இருப்பீங்க, அது சேணத்துக்குக் கீழ இருக்கறவனுக்கு உடனே தெரியும்.

விழுந்தப்ப போட்டிருந்த ஹெல்மெட்ட தூக்கிப் போடுங்க. வெளில கீறல் கூட இல்லன்னாலும் உள்ள இருக்கற ஃபோம் ஒரு தடவ அமுங்கினா அமுங்கினதுதான், அடுத்த அடிய அது வாங்காது. புதுசு வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப் 1163 இல்லன்னா பாஸ் 015 முத்திரை இருக்கான்னு பாருங்க, பாடி ப்ரொடக்டர்னா ஈஎன் 13158 லெவல் 3. பைக் ஹெல்மெட், சைக்கிள் ஹெல்மெட் போட்டுட்டு ஏறற ஆளுங்கள இன்னமும் பாக்கறேன், சொன்னா கோவிச்சுக்கறாங்க.

அப்புறம் "விழுந்தா உடனே எந்திரிச்சு ஏறிடணும், இல்லன்னா பயம் உள்ள உக்காந்துடும்"னு ஒரு கூட்டம் சொல்லும். சும்மா மண்ணுல புரண்டு எந்திரிச்சவங்களுக்கு அது சரி. எலும்பு உடைஞ்சவங்ககிட்ட இத சொல்றவங்கள பேசாம டீ குடிக்க அனுப்பிடுங்க.

எந்தக் குதிரை

பழைய குதிரை மாதிரியே கலரு, அதே உயரம், நெத்தில அதே வெள்ளைன்னு தேடற ஆசை எல்லாருக்கும் வரும். வேணாம். முகத்தப் பாத்துட்டு பழைய ஆளோட குணத்த இதுகிட்ட எதிர்பாப்பீங்க, பாவம் அதுக்கு அது தெரியாது.

எட்டு வயசுல இருந்து பதினஞ்சு வயசுக்குள்ள, ரேஸ விட்டு வந்து குறைஞ்சது ஒரு வருஷமாவது யாரோ ஒருத்தர் பொறுமையா ரைடிங் ஸ்கூல் வேலைக்குப் பழக்கின குதிரையா பாருங்க. நேத்து ரேஸ் கோர்ஸ்ல இருந்து இறங்கினது விலை கம்மியா கிடைக்கும், அதுக்கு நீங்க இப்ப சரியான ஆள் இல்ல. வாங்கித்தான் ஆகணும்னும் இல்ல, மாசக் கணக்குல லீசுக்கு எடுக்க முடியும்னா அதுதான் நல்லது, ஒத்து வரலன்னா மனசு கஷ்டப்படாம திருப்பி விடலாம்.

பாக்கப் போகும்போது சொல்லி வச்ச நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போயிடுங்க. சேணம் வைக்கற இடத்துல வேர்வை காஞ்ச தடம் இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே நல்லா ஓட்டிக் களைக்க வச்சுட்டாங்கன்னு அர்த்தம். லாயத்துல இருந்து வெளிய கொண்டு வர்றதுல ஆரம்பிச்சு, கட்டிப் போடறது, நாலு காலையும் தூக்கறது, கிர்த் (சேணத்த வயித்தோட சேத்துக் கட்டற பட்டை) இறுக்கறது எல்லாத்தையும் உங்க கண் முன்னாடி செய்யச் சொல்லுங்க. கிர்த் இறுக்கும்போது காது பின்னால மடிச்சு கடிக்கத் திரும்புதுன்னா அது திமிரு இல்ல, பெரும்பாலும் வலி. மொதல்ல அவங்க ஆள் ஓட்டட்டும், அப்புறம் உங்க கோச் ஓட்டட்டும், நீங்க கடைசி. அன்னிக்கே ஏறணும்னு கூட கட்டாயம் இல்ல.

நம்ம ஊர்ல சுழி பாக்காம குதிரை வாங்க மாட்டாங்க, வீட்ல பெரியவங்க இருந்தா அவங்க திருப்திக்குப் பாத்துக்கோங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா அதோட சேத்து வெட் டாக்டர் கூட்டிட்டுப் போய் கால், கண், பல்லு, முதுகு பாக்கச் சொல்லுங்க. கிளாண்டர்ஸ், ஈஐஏ (குதிரைங்களுக்கு வர்ற தொத்து ரத்தசோகை) ரெண்டு நோய்க்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேளுங்க, ஹிசார்ல இருக்கற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம்தான் இதுக்கெல்லாம் பெரிய இடம். கிளாண்டர்ஸ் மனுஷனுக்கும் தொத்தும், அதனால இதுல முகதாட்சண்யம் பாக்காதீங்க. எடைக்கு பொதுவா சொல்ற கணக்கு, உங்களையும் சேணத்தையும் சேத்து குதிரையோட எடைல 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 450 கிலோ குதிரைன்னா 90 கிலோ. படுத்திருந்த காலத்துல எல்லாருக்கும் கொஞ்சம் ஏறியிருக்கும், அதயும் கணக்குல சேத்துக்கோங்க.

வந்த புதுசுல ஏறாதீங்க

புது லாயம், புது வாசனை, பக்கத்து லாயத்துல தெரியாத குதிரை, கை மாறின தீனி, இத்தனையும் ஒரே நாள்ல. ரெண்டு வாரம் அது ஊர் பழகட்டும். இந்த ரெண்டு வாரத்துல நீங்க பண்ண வேண்டியது அதோட சாதாரண நிலமை என்னன்னு தெரிஞ்சுக்கறது. ஓய்வா நிக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 28ல இருந்து 44, மூச்சு 8ல இருந்து 16, உடம்புச் சூடு 99ல இருந்து 101.5 ஃபாரன்ஹீட். இது பொதுக் கணக்கு, சென்னை வெயில்ல மத்தியானம் மூச்சு கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதனால காலைல குளிர்ந்த நேரத்துல எடுங்க. தாடை எலும்போட உள்பக்க ஓரத்துல விரலால தடவினா ஒரு கயிறு மாதிரி நாளம் உருளும், அத லேசா அழுத்திப் பிடிச்சு பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்குங்க. தினமும் நீங்க இத எண்றப்ப ரெண்டு பேரும் சும்மா பக்கத்துல பக்கத்துல நிப்பீங்க பாருங்க, அந்த நிக்கறதுல பாதிப் பழக்கம் வந்துடும்.

ரேஸ்ல இருந்த குதிரைங்களுக்கு வயித்துப் புண் ரொம்பவே சகஜம். குதிரை வயித்துல அமிலம் நாள் முழுக்க சுரந்துட்டே இருக்கும், புல்லு தின்னுட்டே இருந்தாதான் அது அடங்கும், ரேஸ் லாயத்துல ஓட்ஸ், பார்லின்னு கெட்டித் தீனி ஏத்தி புல்லக் குறைச்சிருப்பாங்க. நீங்க அத தலைகீழாக்கணும். எடைல ஒண்ணரை சதவீதமாவது காஞ்ச புல்லா உள்ள போகணும், 450 கிலோ குதிரைக்கு ஏழு கிலோ கிட்ட வரும். வைக்கோல மட்டும் நம்பாதீங்க, அதுல சத்து இல்ல. குதிரை மசால் (லூசர்ன்ங்கற பசுந்தீவனம்) கொஞ்சம் குடுக்கலாம், ஏறறதுக்கு முன்னாடி ஒரு பிடி குடுத்தா வயித்துக்கு இதமா இருக்கும். கொள்ளு ஊற வச்சு அளவாப் போடுங்க, வேலையே வாங்காம கொள்ளும் ஓட்ஸும் வாரி வாரிப் போட்டுட்டு குதிரை துள்ளுதுன்னு சொல்றதுல நியாயம் இல்ல. எந்த மாத்தமும் ஒரு வாரம் பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா, திடீர்னு மாத்தினா வயித்து வலி வந்து படுத்துடும், குதிரைக்கு அது உயிர் போற விஷயம்.

இன்னொண்ணு, லாயத்துல குதிரையப் பராமரிக்கற சைஸ் அண்ணன உங்க வாத்தியாரா ஆக்கிக்கோங்க. கோச்சுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும், ஏன்னா குதிரையோட நாள் முழுக்க இருக்கறது அவர்தான். "அண்ணே, இவன் எப்ப படுப்பான், தண்ணி எப்ப குடிப்பான், யாரப் பாத்தா காத மடிக்கிறான்?"னு கேளுங்க. எங்க லாயத்துல ஒரு சைஸ் இருந்தார், பின்னங்கால் தூக்கறதுக்கு நான் குனிஞ்சப்ப, "சொல்லாம தூக்காதீங்க மேடம், மொதல்ல தோள்ல கை வைங்க, அப்படியே முதுகு, இடுப்பு, தொடைன்னு கைய எடுக்காம வாங்க, கால் பக்கம் வர்றதுக்குள்ள அவனே எடைய அந்தப் பக்கம் மாத்திப்பான்"னார். செஞ்சு பாத்தா அப்படியே நடந்தது, கை முட்டிக்குக் கீழ வந்தப்ப குளம்பு தானா நுனில நின்னுச்சு.

கீழ நின்னு பண்ற வேலை

இதுதான் பெரிய பகுதி, நிறைய பேர் தாண்டிக் குதிச்சுப் போறதும் இதத்தான்.

குதிரைக்குக் கண் ரெண்டு பக்கமும் இருக்கறதால சுத்தி எல்லாம் தெரியும், நெத்திக்கு நேரா கொஞ்ச தூரமும் வாலுக்கு நேர் பின்னாடியும்தான் தெரியாது. அதனால தோளுக்கு நேரா, பேசிட்டே போங்க. போனதும் மூக்கத் தொடாதீங்க, கழுத்துல படார் படார்னு தட்டவும் வேணாம், அது நம்ம திருப்திக்கு. பிடரி முடியற இடத்துல, முதுகு ஆரம்பிக்கற மேடு இருக்கே, அங்க விரலால நல்லா சொறிஞ்சு விடுங்க. குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு சொறிஞ்சுக்கறது அங்கதான், அங்க சொறிஞ்சா இதயத் துடிப்பே குறையுதுன்னு அளந்து பாத்திருக்காங்க. மேல் உதடு நீண்டு கோணிக்கிட்டு ஆடுச்சுன்னா சரியான இடம்.

நம்ம பயம் குதிரைக்குத் தெரியுமான்னு கேப்பாங்க. 2009ல ஸ்வீடன்ல இருந்து ஒரு ஆராய்ச்சி வந்தது. ஆளுங்கள ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நாலு தடவ குதிரைய நடத்திட்டோ ஓட்டிட்டோ போகச் சொன்னாங்க, நாலாவது தடவ மட்டும் "போற வழில ஒரு குடைய விரிப்போம்"னு சொல்லி அனுப்பினாங்க. குடைய யாரும் விரிக்கவே இல்ல. ஆனா ஆளுக்கும் இதயத் துடிப்பு ஏறுச்சு, ஒண்ணும் தெரியாத குதிரைக்கும் ஏறுச்சு. அதனால "பயத்தக் காட்டாதே"ங்கற அறிவுரையெல்லாம் வேலைக்கு ஆகாது, நீங்க முகத்த எவ்ளோ சிரிச்ச மாதிரி வச்சாலும் உள்ள துடிக்கறது அதுக்குப் போயிடும். பண்ண முடிஞ்சது மூச்ச மாத்தறது. பயந்தா நாம மூச்சப் பிடிச்சுப்போம், பாட்டு பாடினா மூச்சப் பிடிக்க முடியாது, அதனால வாய்விட்டு ஏதாவது முணுமுணுத்துட்டே நடத்துங்க. லாயத்துல நாலு பேர் சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

நடத்திட்டுப் போறதுல மூணே பாடம். நீங்க நின்னா நிக்கணும், பின்னால போன்னா ரெண்டு அடி பின்னால போகணும், பக்கவாட்டுல விரல் வச்சா பின்பக்கத்த நகத்தணும். லேசா கேளுங்க, பதில் வரலன்னா கொஞ்சம் கூட்டுங்க, அது அசைய ஆரம்பிச்ச அந்த நொடியே அழுத்தத்த எடுத்துடுங்க. முழுசா நகர்ற வரைக்கும் காத்துட்டு இருந்தா பாடம் போச்சு. குதிரை கத்துக்கறது நாம அழுத்தறதுல இல்ல, எடுக்கறதுல. அதுவும் உடனே எடுக்கணும், ரெண்டு செகண்டு கழிச்சு எடுத்தா எதுக்காக எடுத்தோம்னு அதுக்குப் புரியாது. அடிபட்டவங்களுக்கு இங்க ஒரு சிக்கல் இருக்கு, பயத்துல கயித்த விடவே மாட்டோம், பிடி இறுகிட்டே இருக்கும், குதிரைக்கு "சரி"ங்கற பதிலே கிடைக்காது, அதுவும் பதிலுக்கு இழுக்க ஆரம்பிக்கும்.

பின்பக்கத்த நகத்தற பாடத்த மட்டும் ரெண்டு பக்கமும் வெண்ணெய் மாதிரி வர்ற வரைக்கும் விடாதீங்க. அப்புறமா குதிரை மேல உக்காந்திருக்கும்போது ஒரு பக்க கடிவாளத்த மடக்கி நிறுத்தறதுக்கு இதுதான் அடிப்படை. பின்னங்கால் ஒண்ணு மேல ஒண்ணு தாண்டி வந்துட்டா குதிரையால நேரா பாய முடியாது.

கயித்த எக்காரணம் கொண்டும் கைல சுத்திக்காதீங்க, மடிச்சுப் பிடிங்க, கையுறை போடுங்க. இடது தோள்ல அடின்னா வலது பக்கமும் நின்னு நடத்தப் பழகுங்க, பழக்கமா எல்லாரும் இடது பக்கமே நிக்கறதால குதிரைக்கு வலது பக்கம் ஆள் வந்தா புதுசா இருக்கும், அதுக்கும் ஒரு வாரம் குடுங்க. தேவைப்பட்டா வலது பக்கத்துல இருந்து ஏறி இறங்கவும் பழக்கலாம், சட்டம் ஒண்ணும் கிடையாது.

ஏறறது

ரேஸ் குதிரை மேல யாரும் படிக்கட்டு வச்சு ஏற மாட்டாங்க. அது நடந்துட்டு இருக்கும்போதே ஒருத்தர் ஜாக்கியோட காலப் பிடிச்சுத் தூக்கி மேல போட்டுடுவார், அது நிக்கவே நிக்காது. அதனால நீங்க ஸ்டிரப்ல (சேணத்துல தொங்கற கால் வளையம்) கால வச்ச உடனே அது கிளம்பிச்சுன்னா அடங்காத குதிரைன்னு நினைக்காதீங்க, அதுக்குத் தெரிஞ்ச ஒழுங்கு அதுதான். நிக்கறத தனிப் பாடமா சொல்லிக் குடுக்கணும்.

கனமான மரப்படி இல்லன்னா சிமெண்ட் படி வேணும். பிளாஸ்டிக் சேர் வேணவே வேணாம், கால் வழுக்கும், குதிரை நகர்ந்தா சேர் அதோட கால்ல மாட்டும், ரெண்டு பேருக்கும் மறுபடி முதல்ல இருந்து. ஒரு நாள் படி கிட்ட கூட்டிட்டுப் போய் நிறுத்தி, சொறிஞ்சு விட்டு, திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. அடுத்த நாள் படில ஏறி நில்லுங்க, சேணத்தத் தட்டுங்க, இறங்குங்க. அப்புறம் ஸ்டிரப்ல கால வச்சு எடைய போட்டு, எடுத்து, இறங்குங்க. ஒரு அடி நகர்ந்தா திட்ட வேணாம், சுத்திக் கொண்டு வந்து அதே இடத்துல நிறுத்துங்க. இது சலிப்பான வேலைதான், ஆனா படி பக்கத்துல அது தலையத் தொங்கப் போட்டு ஒரு பின்னங்கால மடிச்சு நிக்கற நாள்ல உங்க வயிறும் பிசையாது, பாருங்க.

முதல் நாள் மேல உக்காந்தா பத்து பதினஞ்சு நிமிஷம், நடை மட்டும், கோச் கைல லஞ்சிங் கயிறு (நடுவுல நின்னு குதிரைய வட்டமா சுத்த விடற நீளக் கயிறு). பழைய ஸ்டிரப் பெல்ட் ஒண்ண குதிரை கழுத்துல மாட்டிக்கோங்க, பயம் வந்தா அதப் பிடிங்க. கடிவாளத்தப் பிடிச்சுத் தொங்கக்கூடாது, ரேஸ் குதிரைக்குக் கடிவாளத்த இறுக்கறதுன்னா இன்னும் வேகமா போன்னு அர்த்தம், வாய இரும்பு மேல சாச்சுட்டு அது ஓடத்தான் கத்துருக்கு. நீங்க பயந்து இழுக்க இழுக்க அது போகும், அது போகப் போக நீங்க இழுப்பீங்க. நிறுத்தணும்னா மூச்ச வெளிய விட்டு, உக்காந்த எடையக் கனமாக்கி, கடிவாளத்த இறுக்கி உடனே விட்டு மறுபடி இறுக்கி விடுங்க. இன்னொண்ணு, ஜாக்கி கால் மேலயே இருக்கும், நம்ம நீளமான கால் வயித்தத் தொடறது அதுக்குப் புதுசு. காலத் தூக்கி வச்சுக்காதீங்க, அப்புறம் திடீர்னு படும்போது துள்ளும். ஈரத்துணி மாதிரி லேசா ஒட்டியே இருக்கட்டும்.

எந்த இடத்துல விழுந்தீங்களோ அந்த இடத்துக்குத்தான் உடம்பு இறுகும். கேன்டர்ல (மெதுவான பாய்ச்சல்) மூலை திரும்பும்போது விழுந்திருந்தா நடைல கூட மூலை வந்தா தோள் தூக்கிக்கும். அப்ப கேன்டர மறந்துடுங்க, அந்த மூலைலயே நடைல நின்னு நின்னு போங்க, அப்புறம் டிராட்ல (நடைக்கும் கேன்டருக்கும் நடுவுல இருக்கற ஓட்டம்) வந்து மூலைக்கு முன்னாடி நடைக்கு இறங்குங்க, அப்புறம் மூலைல டிராட். பயத்துக்கு பத்துக்கு மார்க் போட்டுக்கோங்க, அஞ்சத் தாண்டிச்சுன்னா ஒரு படி கீழ வாங்க. நல்லா போயிட்டு இருக்கும்போதே இறங்கிடறது ரொம்ப கஷ்டம், "இன்னும் ஒரு ரவுண்டு"ன்னு வாய் வரும், அந்த ஒரு ரவுண்டுலதான் ரெண்டு பேரும் களைச்சுப் போய் ஏதாவது ஆகும்.

ஒரு வாரம் ஓட்டினதும் யாரையாவது பின்னாடி நின்னு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அடிபட்டவங்க அவங்களுக்கே தெரியாம ஒரு பக்கம் சாஞ்சு உக்காருவாங்க, ஒரு தோள் இறங்கியிருக்கும், பலவீனமான கைப்பக்கம் கடிவாளம் தளர்ந்திருக்கும். குதிரை ஒரே பக்கமா ஒதுங்குதுன்னு புகார் பண்றதுக்கு முன்னாடி அந்த வீடியோவப் பாருங்க. ரெண்டு ஸ்டிரப்பும் ஒரே நீளம்தானான்னு டேப் வச்சு அளங்க, கண்ணால பாத்து சொல்லாதீங்க.

திடீர்னு ஒரு நாள் துள்ளுது, முன்னங்கால் தூக்குது, நகரவே மாட்டேங்குதுன்னா மொதல்ல வலி எங்கன்னு தேடுங்க. சேணம் முதுகுல அழுத்துதா, பல்லு கூர்மையா வளந்து கன்னத்தக் கிழிக்குதா, லாடம் அடிச்சு ஒரு வாரத்துக்குள்ளயா, வயித்துப் புண்ணா. இதெல்லாம் பாத்தும் ஒண்ணும் இல்ல, உங்களுக்கு இன்னமும் அத நினைச்சாலே தூக்கம் வரலன்னா, அந்தக் குதிரை உங்களுக்கு இல்ல. குடுத்துடுங்க, அதுக்கும் வேற ஒரு நல்ல ஆள் கிடைப்பாங்க. அதுல வெக்கப்பட எதுவும் இல்ல.

சத்தம், வெயில், வெளிய போறது

நம்ம ஊர்ல குதிரைக்கு வர்ற சோதனை பேப்பர் கப்பு, பிளாஸ்டிக் கவர், ஆட்டோ ஹாரன், கல்யாண மேளம், தெரு நாய். பிளாஸ்டிக் கவர குதிரை கிட்ட கொண்டு போய் "ஒண்ணுமில்லடா பாரு"ன்னு மூக்குல தேய்க்கறது தப்பு. ஒருத்தர் கவர ஆட்டிட்டே முன்னால விலகிப் போகட்டும், நீங்க குதிரைய நடத்திட்டு அது பின்னால போங்க. விலகி ஓடற பொருளத் துரத்தறதுன்னா குதிரைக்குப் பயம் குறைஞ்சு ஆர்வம் வரும், கொஞ்ச நேரத்துல அதுவே மூக்க நீட்டும். குடை, பெரிய பந்து, தார்ப்பாய் எல்லாத்துக்கும் இதே வழிதான். தீபாவளி வாரத்துல மட்டும் எந்தப் பாடமும் வேணாம், ஏறவும் வேணாம், லாயத்துல புல்லு நிறைய போட்டுட்டு வந்துடுங்க.

வெயில் ஏறறதுக்குள்ள காலைலயே முடிச்சுடுங்க. தரோபிரெட்டுங்க சிலதுக்கு நம்ம புழுக்கத்துல வேர்க்கறதே நின்னு போயிடும், வேலை வாங்கினப்புறம் உடம்பு காஞ்சு கிடந்து மூச்சு மட்டும் வாங்கிட்டே இருந்தா உடனே தண்ணிய ஊத்தி நிழல்ல நிறுத்தி டாக்டரக் கூப்பிடுங்க.

வெளிய முதல் தடவ போறப்ப வயசான, எதுக்கும் அலட்டிக்காத ஒரு குதிரை முன்னால போகட்டும், நீங்க பின்னால, ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விட்டு. தெரிஞ்ச வழில போயிட்டு தெரிஞ்ச வழிலயே வாங்க, வீட்டுக்குத் திரும்பும்போது நடைலதான் வரணும், அந்தப் பக்கம் ஓட விட்டு ஒரு தடவ பழக்கிட்டீங்கன்னா அப்புறம் தினமும் லாயம் கண்ணுல பட்ட உடனே ஓட்டம்தான். ரத்த வகை, பிளேட் வச்ச விவரம், வீட்டு நம்பர் எழுதின சீட்டு ஒண்ணு சட்டைப் பைல இருக்கட்டும், டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னும் அதுல எழுதிக்கோங்க. ஃபோனும் உங்க உடம்புலதான் இருக்கணும், சேணத்துப் பைல வைக்காதீங்க, நீங்க விழுந்தா குதிரை ஃபோனோட நேரா லாயத்துக்குப் போயிடும், அங்க சைஸ் அண்ணன்தான் அத எடுத்து "மேடம் எங்க இருக்கீங்க?"ன்னு கேட்டுட்டு இருப்பார்.